கற்கரைத் தீவுக்குப் போகுமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். இன்று எங்களுக்கு இடப்பட்ட பணியோ சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதாகும். வரும் குளிர்காலத்தில் சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஒரு தீவுக்குச் சென்று வரவேண்டும் என்பது இளைஞர்களின் விருப்பம். அதற்கு வழிவகை ஆராய்ந்து சொல்லுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்தனர். ஆராயப் புகுந்தபோதுதான், வண்டியும் படகும் உணவும் பேசி முடித்துவிட்டால் முடிந்துவிடும் செயல் அன்று இது என்பதை உணர்ந்தோம். அவ்வாறு உணர்ந்ததை உங்கள் முன் வைக்கவே வந்துள்ளோம்.

இந்த ஆசை எழுந்த வகையை முதலிற் கூறுகிறோம். இளைஞர் ஒருவர் கிரேக்க நாட்டுப் படம் ஒன்றைக் காட்டினார். ஈஜியன் கடலில் ஸ்கியாதோஸ் என்று ஒரு தீவு. அதன் வடபுறத்தில் லலாரியா என்னும் கடற்கரை. அங்கே மணலுக்கு மாறாக வெண்மையான, வழவழப்பான, உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் பரவிக் கிடக்கின்றன. பின்னே செங்குத்தான வெண்பாறை. முன்னே நீலக் கடல். ஒருபுறம் அலைகள் துளைத்து வாயில் செய்துவிட்ட பாறை வளைவு. நிலவழியாக அங்கே இறங்க வழி இல்லை, படகில்தான் போகவேண்டும். வடகாற்று வலுத்தால் படகும் போகாது. படத்தைக் கண்ட பிள்ளைகள், "இப்படி ஓர் இடம் நம் நாட்டில் இல்லையா?" என்று கேட்டனர்.

அந்தக் கேள்விக்கு விடையாகக் கிடைத்ததுதான் கருநாடக மாநிலத்து உடுப்பிக்கு அருகே, மல்பே துறைமுகத்துக்கு எதிரே, அரபிக்கடலில் உள்ள செயின்ட் மேரித் தீவுகள். உடுப்பி என்றவுடன் நம்மவர்க்கு இட்டிலியும் சாம்பாரும் நினைவுக்கு வருவது இயல்பு. பத்திமான்களுக்கு மத்துவரின் கிருட்டிணன் கோயில் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு எதிரே கடலில் உலக வரலாற்றின் ஏடு ஒன்று திறந்து கிடப்பதை நம்மில் பலர் அறியோம்.

லலாரியாவைப் போல உருண்டைக் கற்கள் பரவிய கரை அன்று இது. இங்கே கரையாக நிற்பவை கற்றூண்கள். ஐந்து பட்டையும் ஆறு பட்டையுமாகச் செதுக்கி வைத்தாற்போன்ற கரிய தூண்கள், சில ஆள் உயரமும் சில அதனினும் மிக்க உயரமுமாக, நெருங்கி நெருங்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் உடைந்த கற்களும் சிப்பிகளின் துகள்களும் கிடக்கின்றன. இத்தூண்களைச் சிற்பி எவரும் செய்ததில்லை. பூமியின் உள்ளிருந்து பொங்கிய நெருப்புக் குழம்பு ஆறி இறுகியபோது தானே பிளந்து தூணாகியது.

அஃது எவ்வாறு எனில், நமக்குத் தெரிந்த காட்சி ஒன்றைக் கொண்டே விளக்கலாம். சித்தூர்ப் பக்கம் ஏரிகள் மிகுதி. கோடையில் ஏரி வற்றியபின் அடிவண்டல் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். ஈரம் போகப் போக மண் சுருங்குகிறது, சுருங்குவதால் வெடிக்கிறது, வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடிப் பல கோணக் கட்டங்களாகின்றன. நெருப்புக் குழம்பு ஆறும்போதும் இதுவே நிகழ்கிறது. ஆனால் வெடிப்பு மேற்பரப்போடு நின்றுவிடாமல், சூடு தணியத் தணிய உள்நோக்கி இறங்கிச் செல்கிறது. ஆகவே கட்டங்கள் தூண்களாகிவிடுகின்றன.

அந்தக் குழம்பு பொங்கிய காலம் சற்றேறக்குறைய 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்பர் நிலவியல் அறிஞர். அந்நாளில் இந்திய நிலப்பரப்பும், இன்று ஆப்பிரிக்காவுக்கு அருகே கிடக்கும் மடகாஸ்கர்த் தீவும் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவை பிரிந்த காலத்து எழுந்த நெருப்பின் எச்சமே இத்தூண்கள் என்று கருதப்படுகிறது. ஒரு வீட்டில் உடன்பிறந்தோர் பாகம் பிரித்துக்கொண்டு போனால், பிரித்த இடத்தில் சுவரின் வடு நிற்பதில்லையா? அதுபோல மடகாஸ்கர் நம்மைப் பிரிந்த வடு மல்பேக் கடலில் நிற்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்துள்ளது.

இவ்விடத்தில் உங்களை ஒன்று கேட்க விரும்புகிறோம். அத்துறை அறிவித்த அதே வரிசையில் நம் திருப்பதியில் மட்டும் இரண்டு சின்னங்கள் இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாங்களும் உடுப்பித் தீவைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோதுதான் அறிந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ஒன்று, திருமலைக் கோயிலுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிலாதோரணம். ஏறத்தாழ 25 அடி அகலமும் 10 அடி உயரமும் உடைய இயற்கைப் பாறை வளைவு அது. வந்தவர் பலர் வளைவின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டு, சக்கர தீர்த்தத்துக்குப் போய்விடுகின்றனர். காற்றும் நீரும் வெயிலும் பாறையின் மெலிந்த பகுதியை மெல்ல மெல்லத் தின்று, வலிய பகுதியை வளைவாக விட்டுவைத்த விந்தையை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. லலாரியாவின் வளைவைப் படத்தில் கண்டு வியந்த நம் பிள்ளைகள், மாதந்தோறும் தாம் ஏறிச்செல்லும் மலையிலேயே ஒரு வளைவு உண்டு என்பதை எண்ணினாரில்லை.

மற்றொன்று, திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில் வெட்டிய பாறைச் சரிவில் காணப்படுவது. அங்கே கீழே கிரானைட் பாறை; அதன்மேல் படுக்கை படுக்கையாகக் குவார்ட்சைட் என்னும் பாறை. கீழேயுள்ளது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையது. மேலேயுள்ளது அதனினும் மிகவும் பிற்பட்டது. இரண்டும் தொடும் கோட்டில், குறைந்தது 50 கோடி ஆண்டுகளின் வரலாறு எழுதப்படாமலே விடுபட்டிருக்கிறது. நூலில் நடு ஏடுகள் கிழிந்துபோய், முதற்பகுதியும் இறுதிப்பகுதியும் ஒன்றாகத் தைக்கப்பட்டாற் போன்றது அந்தக் கோடு. பேருந்தில் ஏறும்போது ஒரு நொடியில் அந்த 50 கோடி ஆண்டுகளைக் கடந்துவிடுகிறோம். கோவிந்த நாமம் சொல்லும் வாய், கல்லைப் பார்க்கக் கண்ணுக்கு ஏவுவதில்லை.

இனிக் கேளுங்கள். மேலே கிடக்கும் குவார்ட்சைட் என்பது யாது? ஒரு காலத்து மணல், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் இறுகிக் கல்லானதே அது. நிலவியலார் அதற்கு நம் நகரியின் பெயரையே இட்டு, நகரிக் குவார்ட்சைட் என்று வழங்குகின்றனர். அதன் அடுக்குகளில் கூழாங்கற்கள் பொதிந்து இறுகிய பாறையும் உண்டு. மணல் எங்கே குவியும்? கூழாங்கல் எங்கே உருளும்? நீரோரத்தில் அல்லவா? ஆகவே, நாம் மலை என்று வணங்குவது ஒரு காலத்தில் கரையாகக் கிடந்தது. கற்கரையைத் தேடிக் கடல் கடக்க எண்ணிய நாம், மிகப் பழைய கற்கரை ஒன்றின்மீது குடியிருந்துகொண்டே தேடியிருக்கிறோம்!

வேலூரிலிருந்தும் காஞ்சியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் இங்கு வந்து குடியேறியவர் நாம். எல்லையைப் பற்றிய பேச்சு நம் வீடுகளில் ஓய்வதில்லை. 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மனிதர் வரைந்த கோடுகள் மூன்று முறை மாறின. நகரிக் குன்றுகளின் கல் ஒரு முறையும் மாறவில்லை. அந்தக் கல்லை அறிவது, வந்து வாழும் மண்ணோடு உறவு கொள்வதாகும். ஆதலால் எங்கள் முதற் பரிந்துரை இது: உடுப்பிக்குப் புறப்படுவதற்கு முன்னுள்ள ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளைகள் அனைவரையும் சிலாதோரணத்துக்கு அழைத்துச் சென்று, அதன் எதிரே அமர்ந்து இந்தக் கதையைச் சொல்லவேண்டும். இங்கே கல்லைப் படிக்கக் கற்ற பிள்ளை, அங்கே கல்லைக் கண்டால் நின்று படிக்கும்.

இனிப் பயண ஏற்பாட்டுக்கு வருவோம். சித்தூரிலிருந்து பலமநேர், முள்பாகல், கோலார் வழியே பெங்களூரை அடைந்து, அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கரையோரம் இறங்கவேண்டும். ஒரே மூச்சில் செல்வது முதியோர்க்கும் குழந்தைகட்கும் ஆகாது. இடையில் ஓர் இரவு தங்கிச் செல்லலே தக்கது. உடுப்பியில் இரவு தங்கி, காலையில் மல்பே துறையை அடைந்தால், ஏறத்தாழ அரை மணிநேரப் படகுப் பயணத்தில் தீவு வந்துவிடும். தீவில் தங்கும் விடுதி கிடையாது. மாலைக்குள் திரும்பியே ஆகவேண்டும்.

காலத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். ஸ்கியாதோஸில் வடகாற்று ஆள்வதுபோல, இங்கே தென்மேற்குப் பருவக்காற்று ஆள்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும். அம்மாதங்களில் தீவுக்குப் படகு விடுவதில்லை. பள்ளி விடுமுறையை மட்டும் நோக்கி நாள் குறிக்காமல், கடலின் இசைவையும் நோக்கிக் குறிக்கவேண்டும். டிசம்பர், சனவரி மாதங்கள் தக்கவை. ஆயினும் புறப்படும் முன்னாளில் துறைமுகத்தாரைக் கேட்டறிதல் கட்டாயம். அன்று காலை படகு இல்லை என்று அவர்கள் கூறிவிட்டால், அத்துணைத் தொலைவு வந்துவிட்டோமே என்று வற்புறுத்தலாகாது. கிருட்டிணன் கோயிலைத் தொழுது, கரையிலேயே பொழுதைக் கழித்துத் திரும்ப மனம் வேண்டும். திரும்பி வருவதற்கும் சேர்த்துச் செய்வதே பயணத் திட்டம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கேரளத்திலிருந்து கல்லூரிச் சுற்றுலாவாக அத்தீவுக்கு வந்த மாணவர்களுள் மூவர் கடலில் மூழ்கி உயிரிழந்தனர். பெற்றோர் வழியனுப்பிய பிள்ளைகள், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். கல்லும் பாறையும் நிறைந்த கரை, மணற்கரையைப் போன்றதன்று. மணற்கரையில் கடல் பெரும்பாலும் படிப்படியாக ஆழமாகும். கால் வைத்து அறிந்துகொண்டே செல்லலாம். கற்கரையிலோ ஓரடி தள்ளினால் ஆழம் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. அலை நனைத்த பாறையில் பாசி படிந்திருக்கும். காய்ந்தது போலத் தோன்றுவதும் வழுக்கும். ஓர் அலை சிறிதாக வந்ததென்று அடுத்த அலையும் சிறிதாகவே வரும் என்பதற்கு உறுதி இல்லை.

ஆகவே குழுவினர் சில விதிகளை வகுத்துள்ளோம். படகில் ஏறும் ஒவ்வொருவரும், நீந்தத் தெரிந்தவர் உட்பட, லைப் ஜாக்கெட் அணியவேண்டும். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பாளர். கரையேறும்போதும் உணவின்போதும் திரும்பும்போதும் அவர் தலை எண்ணவேண்டும். கடலோரத் தூண்களின்மீது படம் எடுக்க ஏறுதல் கூடாது. காவலர் தடுத்த இடத்தில் இறங்குதல் கூடாது. பெரிய படகிலிருந்து சிறு படகுக்கு மாறி இறங்க நேர்ந்தால், முதியோரை முதலில் அமரச்செய்து பிறகே மற்றவர் இறங்கவேண்டும். கொண்டுசென்ற பையும் புட்டியும் ஒன்று விடாமல் திரும்பிவர வேண்டும்.

இனி எஞ்சியிருப்பது கல்லைப் பற்றிய விதி. பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, நம்போன்ற பெரியவர்களுக்கும் அதுவே கடினமான விதி.

அழகிய கல்லைக் கண்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள எவர்க்கும் கை நீளும். "ஒரு கல்தானே" என்று மனம் வாதாடும். லலாரியாவில் அவ்வாறு எடுப்போர்க்கு அபராதம் விதிக்கிறார்கள். தாய்லாந்து நாட்டில் தருதாவ் கடற்பூங்காவில் கோ ஹின் ங்காம் என்று ஒரு சிறு தீவு உண்டு. அழகிய கல் தீவு என்பது பெயரின் பொருள். வழவழப்பான கருங்கூழாங்கற்கள் நிறைந்த அக்கரையில், கல்லை எடுத்துச் செல்வோரைத் தருதாவின் சாபம் பற்றும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் அபராதம், ஓரிடத்தில் சாபம். இரண்டும் அச்சத்தால் கையைத் தடுப்பவையே. ஆண்டுதோறும் பல்லாயிரவர் வந்து, ஆளுக்கு ஒரு கல் எடுத்தால் கரையே இல்லாமற் போய்விடும் என்பதால்தான் அவர்கள் அவ்வாறு செய்கிறார்கள். கற்கரை வெறும் காட்சிப்பொருள் அன்று. ஓடிவரும் அலையின் வலிமையைத் தான் தாங்கி, உருண்டு உருண்டு, பின்னுள்ள நிலத்தைக் காப்பதும் அதுவே.

எடுப்பது மட்டும் குற்றமா? வைப்பதும் குற்றமாகலாம். வட அயர்லாந்தில் ஜயண்ட்ஸ் காஸ்வே என்னும் இடத்தில், உடுப்பித் தூண்களைப் போன்ற 40,000 கற்றூண்கள் உள்ளன. வருவோர் அன்புக்காகவும் நற்பேற்றுக்காகவும் தூண்களின் இடுக்கில் நாணயங்களைச் செருகிச் செல்வது வழக்கமாயிற்று. உப்புக்காற்றில் அவை துருவேறிப் பருத்து, கல்லின் விளிம்புகளைப் பெயர்த்தன. அதனால் இனி நாணயம் செருகவேண்டாம் என்று 2025ஆம் ஆண்டில் அவ்விடத்தைக் காப்போர் வேண்டிக்கொண்டனர். தீர்த்தத்தைக் கண்டால் காசு போடுவதும், மலைவழியில் வீடு கட்டும் வேண்டுதலுக்காகக் கல்லை அடுக்குவதும் நம்மவர்க்குப் பழகிய செயல்கள். ஆதலால் இந்தச் செய்தி நமக்கு வெகு தொலைவிலுள்ளதன்று. பத்தியால் செய்யும் செயலும் கல்லுக்குச் சுமையாகலாம்.

நாம் எதனால் கையைத் தடுப்பது? அபராதத்தாலா, சாபத்தாலா? இரண்டும் வேண்டா என்பது எங்கள் கருத்து. அறிவால் தடுப்போம். கூழாங்கல்லுக்குத் தமிழில் பரல் என்று ஒரு பெயர் உண்டு. சிலம்பினுள் இடும் மணிக்கும் அதுவே பெயர். கண்ணகி கதையில் பாண்டியன் அவையில் உண்மையை உரைத்தது எது? வெளியே பொன்னாய் ஒளிர்ந்த சிலம்பு அன்று. சிலம்புக்குச் சிலம்பு வேறுபாடு தெரியவில்லை. உடைந்து தெறித்த உள்பரலே சான்று கூறியது. கடற்கரைப் பரலும் அத்தகையதே. தான் எங்கே பிறந்தது, எந்த நெருப்பில் வெந்தது, எந்த நீரில் உருண்டது என்னும் சான்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. இருந்த இடத்தில் இருக்கும்வரைதான் அந்தச் சான்று செல்லும். நம் வீட்டு மேசைமேல் கொண்டுவந்து வைத்துவிட்டால் அது வெறும் கல். ஊரை இழந்த கல். ஊரை விட்டு வந்து வாழ்வது இன்னதென்று அறிந்த நாம், ஒரு கல்லுக்கும் அந்நிலையை உண்டாக்கலாமா?

அன்பர்களே! எங்கள் திட்டம் முழுவதையும் இரண்டே வரியில் சுருக்கிச் சொல்லி அமர்கிறோம். எண்ணி அழைத்துச் சென்ற பிள்ளைகளை எண்ணி அழைத்து வருவோம். எண்ண முடியாத கற்களை இருந்த இடத்திலேயே விட்டு வருவோம். இவ்விரண்டும் நிறைவேறினால் நம் பயணம் வென்றதாகும். கைக்கொள்ள நினைவுப்பொருள் ஒன்று வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், திரும்பி வந்தபின் மீண்டும் ஒரு முறை சிலாதோரணத்தின் எதிரே அமர்ந்து, தாம் கண்டதை ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதித் தரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் நல்லவற்றை வெளியிடுமாறு செயற்குழுவினரை இம்மேடையிலிருந்தே வேண்டிக்கொள்கிறோம்.